மங்கி குல்லாவும் மலை இறக்கமும்

தர்மபுரிக்காரனாகப் பிறந்ததற்கு வருஷம் பூரா யாரும் நம்மளைக் கண்டுக்க மாட்டாங்க. ஆடிப்பெருக்கு வந்தா மட்டும் "ஒகேனக்கல்ல தண்ணி எவ்வளவு வருது, பரிசல் விடறாங்களா?"ன்னு நாலு போன் வரும். அப்புறம் அரையாண்டு லீவு விடறப்ப இன்னொரு நாலு போன். இது சமீப வருஷங்களா. "வத்தல்மலை போலாம்னு இருக்கோம். ரொம்பக் குளிருமா? என்னென்ன எடுத்துட்டு வரணும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போனதால்தான் இந்தப் பதிவு. இனிமே யாராவது கேட்டா சுட்டியைக் கொடுத்துட்டு நான் பாட்டுக்குத் தூங்கப் போயிடுவேன் :-)

முதல்ல தெரியாதவங்களுக்கு. வத்தல்மலை எங்க ஊரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். கிழக்குத் தொடர்ச்சி மலை. கடல் மட்டத்துக்கு மேல 3,000 அடிக்குக் கூடுதல். இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். மேலே பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு, ஒன்றிக்காடு என்று சின்னச் சின்ன ஊர்கள். காபி, மிளகு, சாமை, ராகி, பலா. இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். "அப்ப அங்க மலையாளம் பேசுவாங்களா?"ன்னு சென்னை நண்பர் ஒருத்தர் கேட்டார். இல்லைங்க சார், மலையை ஆள்பவர்கள் என்று பொருள், பேசுவது நம்ம தமிழ்தான். ஏற்காடு, சித்தேரி, கல்வராயன், கொல்லிமலை எல்லாவற்றிலும் இருப்பது இதே சனம்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களே சொல்லும் கதை ஒன்று உண்டு. அது தனிப் பதிவுக்கான மேட்டர்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். என் கருத்தை முன்னாடியே சொல்லிடறேன், கும்முறவங்க கும்மலாம். குளிர்கால மலைப் பயணத்துக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு இணையத்தில் கிடைக்கிற பட்டியல் அத்தனையும் குலு மணாலிக்கு எழுதினது. அதை அப்படியே அச்சடிச்சுக் கையில் வச்சுக்கிட்டு எங்க மலைக்கு வந்தா, தேவையில்லாத அத்தனையும் பையில் இருக்கும், தேவையான ஒண்ணு கூட இருக்காது. நாம எப்பவும் ஏறுவதற்குத் தயாராகிறோம். இறங்குவதற்கு யாரும் தயாராவதில்லை.

இதை நான் புத்தியால் கண்டுபிடிச்சேன்னு நினைச்சுடாதீங்க. பட்டுத்தான் தெரிஞ்சுது.

சில வருஷங்களுக்கு முந்தைய மார்கழி. தங்கமணியின் அண்ணன் குடும்பம் சென்னையிலிருந்து வந்திருந்தது. மச்சான் புதுசா ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கியிருந்தார். டிக்கியைத் திறந்தா துணிக்கடை மாதிரி இருக்கு. ஆளுக்கு ரெண்டு ஸ்வெட்டர், கையுறை, காலுக்குக் கம்பளி சாக்ஸ், மங்கி குல்லா அஞ்சு. "என்ன மச்சான், இமயமலைக்கா?"ன்னேன். "பசங்களுக்குச் சளி பிடிச்சிடும் மாப்ள, நீங்க பேசாம இருங்க"ன்னுட்டார். சின்னப் பையன் மட்டும் நியாயமா ஒரு கேள்வி கேட்டான்.

"மாமா, அங்க பார்க் இருக்கா?"

"இல்லடா, மலைதான் இருக்கு."

"மலைன்னா பார்க் இருக்கணுமே?"

அவன் மேல தப்பில்லை. அவன் பார்த்த மலை ஊட்டி. அங்கே 1848ல் ஆரம்பிச்ச தாவரவியல் பூங்கா இருக்கு, டிக்கெட் கவுன்ட்டர் இருக்கு, பெஞ்சு இருக்கு, கக்கூஸ் இருக்கு, வழி தப்பினா விசில் அடிக்க ஆள் இருக்கு. மலை என்றாலே யாரோ நமக்காகச் செய்து வைத்த இடம் என்று அவனுக்குப் பதிஞ்சு போச்சு. பெரியவங்களுக்கும் அதேதான். என்ன, வாய்விட்டுக் கேட்க மாட்டாங்க.

சரி, குளிர் மேட்டரை ரெண்டு வரியில் முடிச்சிடறேன். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினா வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். தர்மபுரி டவுனே 1,500 அடி உயரத்தில்தான் இருக்கு. அதனால் கீழுக்கும் மேலுக்கும் மூணு, நாலு டிகிரிதான் வித்தியாசம். காத்து வீசினா கொஞ்சம் கூடுதலாத் தெரியும். ஒரு ஸ்வெட்டர், அல்லது ஒரு சால்வை, காதை மூட ஒரு துண்டு. முடிஞ்சுது. ஊட்டியில் ஜனவரியில் புல் மேல உறைபனி படரும், அது 2,200 மீட்டருக்கு மேல இருக்கிற ஊர். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. இன்னொரு வேடிக்கை, காத்து இல்லாத தெளிவான ராத்திரியில் குளிர்ந்த காத்து கனமாகிச் சரிவு வழியா கீழே இறங்கிப் பள்ளத்தில் தேங்கிடும். அன்னிக்கு விடியக்காலையில் மேலே இருக்கிறவனை விட அடிவாரத்துக்காரன்தான் அதிகமா நடுங்குவான். குல்லாவைக் கீழேயே போட்டுக்க வேண்டியதுதான்.

ஏறும்போது ஒரு குறையும் இல்லை. காலை பத்து மணி. மேகம் விலகி வெயில் வந்தாச்சு. சில்வர் ஓக் மரமெல்லாம் நிமிர்ந்து நிக்குது, அதுங்க மேல மிளகுக் கொடி, கீழே காபிச் செடியில் பழம் சிவந்து கிடக்கு. குளிர்காலத்தில் போனால் கிடைக்கும் காட்சி இதுதான், நம்ம பக்கம் காபி பழுக்கிற காலம் இது. வெயில் சுள்ளுனு அடிச்சதில் பன்னிரண்டு மணிக்கு அஞ்சு ஸ்வெட்டரும் இடுப்புக்கு வந்துடுச்சு, குல்லாவெல்லாம் டிக்கிக்குப் போயாச்சு. சாப்பாடு தங்கமணி கட்டி வந்த எலுமிச்சை சாதம், மொச்சைக் கொட்டைப் பொரியல். (மார்கழியில் எங்க ஊர்ப் பக்கம் வந்துட்டு மொச்சை தின்னாமப் போறது பாவம்.) பசங்க ஓடி விளையாடி, போட்டோ எல்லாம் எடுத்து, நாலரை மணிக்குக் கிளம்பினோம்.

பாதி தூரம் கூட இறங்கியிருக்க மாட்டோம். பின் சீட்டிலிருந்து தங்கமணி, "என்னங்க, ஏதோ கருகுற வாசனை"ன்னாள். யாரோ சருகு எரிக்கிறாங்கன்னு நான் பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். அடுத்த வளைவில் மச்சான் முகம் மாறிடுச்சு. "மாப்ள, பிரேக் உள்ள போகுது... நிக்க மாட்டேங்குது."

அந்த நிமிஷத்தை விவரிச்சு எழுத எனக்கு இஷ்டமில்லை. இடது பக்கம் மண் மேடு, வலது பக்கம் ஒண்ணுமே இல்லை. எனக்கு அன்னிக்குத் தெரிஞ்ச ஒரே விஷயம் "மச்சான், மேட்டுப் பக்கம் ஒட்டு" என்று கத்தியதுதான். வண்டி மண்ணில் உரசி, ஒரு பக்கக் கண்ணாடி போய், ஒரு குலுக்கு குலுக்கி நின்னுச்சு. முன் சக்கரம் ரெண்டிலிருந்தும் புகை. பசங்க அழவே இல்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமா இருந்தது.

எங்கிருந்து வந்தாரோ தெரியாது, ஒரு பெரியவர். மேலே பழைய சட்டை, தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான். காலில் செருப்பு இல்லை. எங்களை ஒரு வார்த்தை கேட்கலை. ஓரத்தில் கிடந்த கல்லை உருட்டிட்டு வந்து பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தார். அப்புறம் இன்னொரு கல். மச்சான் தண்ணி பாட்டிலைத் திறந்து சக்கரத்தில் ஊத்தப் போனார். "ஊத்தாதீங்க சாமி, பழுத்த இரும்பு, வெடிச்சுக்கும். தானா ஆறட்டும்"னார்.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். பொழுது சாயச் சாயக் குளிர் ஏறுச்சு. டிக்கியிலிருந்து குல்லா எல்லாம் திரும்ப வெளியே வந்துச்சு. அஞ்சு குல்லாவுக்கு நடுவுல வெறும் துண்டோட அந்த மனுஷன். மயிலுக்குக் குளிருமேன்னு போர்வையைக் கொடுத்தானாம் பேகன். அந்த மாதிரி தங்கமணி ஒரு சால்வையை எடுத்து நீட்டினாள். சிரிச்சுக்கிட்டே வேண்டாம்னுட்டார். "எங்களுக்கு இது குளிரா தாயி?"

"எந்த கியர்ல இறங்குனீங்க?"ன்னு கேட்டார். மச்சான், "ஆட்டோமேட்டிக் ஐயா, கியரே கிடையாது"ன்னார். பெரியவர் வண்டியை ஒரு பார்வை பார்த்துட்டு, "ஏறுன கியர்லயே இறங்கணும்னு லாரிக்காரங்க சொல்லுவாங்க. கியரே இல்லாத வண்டிக்கு என்ன பண்ணுவாங்களோ"ன்னார். உள்குத்தெல்லாம் இல்லை, நெசமாவே கவலைப்பட்டுக் கேட்டார்.

வீட்டுக்கு வந்து இதைப் பத்திப் படிச்சப்பதான் எவ்வளவு பெரிய முட்டாள்தனம் பண்ணியிருக்கோம்னு உறைச்சுது. கணக்கு இதுதான். ஆட்களோட சேர்த்து ஒன்றரை டன் வண்டி, 500 மீட்டர் உயரத்திலிருந்து கீழே வருது. அந்த உயரத்தில் சேர்ந்திருக்கிற சக்தி முழுக்க எங்கேயாவது போயாகணும். வெறும் பிரேக்கால் மட்டும் இறங்கினா, அத்தனையும் சக்கரத்துக்குள்ள சூடா மாறும். 20 லிட்டர் பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்கிற அளவு சூடு! ஒரு குடம் வெந்நீருக்கு மேல, நாலு சின்ன இரும்புத் தட்டுக்குள்ள. பிரேக் ஆயில் வேற காத்திலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புது ஆயில் 200 டிகிரி தாண்டிக் கொதிக்கும்னா, ஈரம் ஏறின பழைய ஆயில் 140, 150லேயே கொதிச்சு ஆவியாகிடும். ஆவியை அமுக்கினா அமுங்கத்தான் செய்யும், பிரேக் பிடிக்காது. மிதி உள்ளே போறதுக்கு அதுதான் காரணம். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை மாத்தணும்னு வண்டிப் புத்தகத்துலேயே எழுதியிருக்கும். யார் படிக்கிறா?

ஆட்டோமேட்டிக்கிலும் கியர் உண்டு மக்களே. 'எல்' என்றோ, மேனுவல் என்றோ ஒண்ணு இருக்கும். அதில் போட்டுட்டா இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிச்சுக்கும். நியூட்ரலில் விட்டா பெட்ரோல் மிச்சம்னு ஒரு குரூப் சுத்திட்டிருக்கு. அது கார்புரேட்டர் காலத்துக் கதை. இப்ப வர்ற வண்டியில் கியரில் இருந்தபடி காலை எடுத்தா பெட்ரோல் போறதையே நிறுத்திடும். நியூட்ரலில்தான் இஞ்சின் அணையாம இருக்கக் கொஞ்சம் கொஞ்சமா குடிச்சிட்டே இருக்கும். ஆக, மிச்சமும் இல்லை, உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. டூவீலரில் இஞ்சினை ஆஃப் பண்ணிட்டு உருண்டு வர்ற தம்பிங்க இதை ரெண்டு தடவை படிக்கவும்.

இதுதான் என் பட்டியலில் முதல் அயிட்டம். கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி பிரேக்கைக் காட்டு. துணிக்கடைக்கு அப்புறமா போ.

ரெண்டாவது, நேரம். டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முழுசா விட்டிருக்காது. மலை மேல நாம பனின்னு சொல்றதுல பாதி, மேகம் வந்து உட்கார்ந்திருக்கிறதுதான். காலை எட்டு, எட்டரைக்கு முன்னாடி பத்தடி தள்ளி இருக்கிறது தெரியாத நாளும் உண்டு. 'சன்ரைஸ் பாக்கணும்'னு விடிகாலை நாலு மணிக்கு ஏற ஆரம்பிக்கிறவங்களைப் பார்த்தா எனக்குக் கொலவெறி வருது. பனியில் ஹைபீம் போட்டா வெளிச்சம் அப்படியே திரும்பி நம்ம கண்ணுலதான் அடிக்கும், லோ பீம்தான் போடணும். ஒன்பது மணிக்கு ஏறு, மூணு மணிக்கெல்லாம் இறங்க ஆரம்பி. நாங்க நாலரைக்குக் கிளம்பினது எங்க ரெண்டாவது தப்பு. குறுகலான இடத்தில் எதிரெதிரா வண்டி வந்தா, இறங்குறவன் நின்னு ஏறுறவனுக்கு வழி விடணும். இது மரியாதை மட்டும் இல்லை, சாலை விதியே அதுதான். நின்ன வண்டியை மேட்டில் நகர்த்துறது எவ்வளவு கஷ்டம்னு பாரம் ஏத்தின டெம்போக்காரனைக் கேளுங்க.

ஜனவரி பாதிக்கு மேல வேற கதை. மழை ஓய்ஞ்சு, வானம் வெளுத்து, புல்லெல்லாம் காய்ஞ்சு சுக்கா நிக்கும். அப்ப பயப்பட வேண்டியது குளிருக்கு இல்லை, நெருப்புக்கு. 'கேம்ப் ஃபயர்'னு ஒரு வியாதி இருக்கே, அதை மலையடிவாரத்திலேயே விட்டுட்டு வரணும். 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்தது யாருக்கும் மறந்திருக்காது. மலையேறப் போனவங்க இருபது பேருக்கு மேல காட்டுத் தீயில் போனாங்க. எல்லாம் நம்மளை மாதிரி சனி, ஞாயிறு லீவில் கிளம்பின சின்னப் புள்ளைங்க. அதுக்கு அப்புறம்தான் மலையேற்றத்துக்கு அரசாங்கம் விதிமுறை எல்லாம் கொண்டு வந்துச்சு. 2024ல் வனத்துறை 40 பாதைகளைக் குறிச்சு, வழிகாட்டியோட போற திட்டமே ஆரம்பிச்சாங்க. நடக்க ஆசைன்னா அந்த மாதிரி அனுமதியோட போறதுதான் சரி. 'ஊர்க்காரப் பையன் ஒருத்தன் கூட்டிட்டுப் போறேன்னான்'னு காப்புக் காட்டுக்குள்ள நுழையறது சரியில்லை. மாட்டினா அபராதம் நமக்கு, காலத்துக்கும் பொல்லாப்பு அந்தப் பையனுக்கு.

வத்தல்மலையோட ஒகேனக்கலையும் ஒரே நாளில் 'கவர்' பண்ணுறேன்னு ஒரு கோஷ்டி வரும். பண்ணுங்க. ஆனா பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் போற காட்டு ரோட்டில் இருட்டினப்புறம் வேண்டாம். இது யானைகள் நடமாடுற காடு. ராகி முத்துற காலத்தில் கர்நாடகப் பக்கத்திலிருந்து தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கூட்டம் கூட்டமா வர்றது வருஷா வருஷம் நடக்கிறது. நம்ம மாவட்டமும் கிருஷ்ணகிரியும் சேர்ந்த காட்டில் ஒரு பெரும் பகுதியை 2022ல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம்னு அறிவிச்சிருக்காங்க. யானையை நிறுத்தி செல்ஃபி எடுக்கிறவங்களுக்கு நான் சொல்ல ஒண்ணுமில்லை, யானையே சொல்லும்.

இப்ப, நான் உண்மையாவே சண்டை போட நினைக்கிற இடத்துக்கு வர்றேன்.

வத்தல்மலைக்கு 'மினி ஊட்டி'ன்னு பேர் வைக்கிறாங்க. ஏற்காட்டுக்கு ஏற்கெனவே 'ஏழைகளின் ஊட்டி'. எந்த மலையைப் பார்த்தாலும் நமக்கு ஊட்டிதான் ஞாபகம் வருது. அந்த ஊட்டியே இப்ப மூச்சு முட்டிப் போய், 2024 மே மாசத்திலிருந்து உயர்நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வாங்கிட்டுத்தான் உள்ளே விடறாங்க. கொடைக்கானலுக்கும் அதேதான். ரெண்டு மலையை அப்படி ஆக்கினது பத்தாதா? மூணாவதா ஒண்ணு வேணுமா?

உடனே பின்னூட்டத்தில் வருவீங்க தெரியும், "டூரிஸ்ட் வந்தாத்தானே அந்த சனத்துக்கு நாலு காசு கிடைக்கும், நீ தர்மபுரி டவுனில் உட்கார்ந்துக்கிட்டு அவங்க பொழப்பில் மண்ணைப் போடறியா?" நியாயமான கேள்வி. நானே கொஞ்ச நாள் அந்தக் கட்சிதான். இப்பவும் யாரும் வராதீங்கன்னு சொல்லலை. ஆனா அந்த நாலு காசு எப்படிக் கிடைக்குதுன்னு ஒரு ஞாயித்துக்கிழமை நின்னு பாருங்க. வண்டிக்கு அஞ்சு பேர். சாப்பாடு டவுனில் இருந்து பார்சல். தண்ணி பாட்டில் டவுனில் இருந்து. சரக்கும் டவுனில் இருந்துதான். மலையில் விட்டுட்டுப் போறது என்ன? பார்சல் வந்த கவர், தண்ணி வந்த பாட்டில், சரக்கு வந்த பாட்டிலின் உடைஞ்ச சில்லு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடற பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1ல் இருந்து மாநிலம் முழுக்கத் தடை. தடை கீழே இருக்கு, கவர் மேலே இருக்கு. நீலகிரியில் 2022ல் காலி மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா பத்து ரூபாய்னு ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. அது கூட யானை கால்ல சில்லு குத்துதுன்னு கோர்ட் வரைக்கும் போனதுக்கு அப்புறம்தான். செருப்பில்லாம நடக்கிற மனுஷங்க கால்ல குத்துறதுக்கு எந்தக் கோர்ட்டுக்குப் போறது?

மிளகு வாங்கப் போனா, பேரம். எங்க கூட வந்த அண்ணியே (மச்சான் சம்சாரம்) அதைச் செஞ்சாங்க. ஒரு அம்மா வாசலில் காய வச்சிருந்த மிளகைப் படியில் அளந்து விலை சொன்னாங்க. அண்ணி பாதி விலைக்குக் கேட்டாங்க. அதே அண்ணி சென்னையில் சூப்பர் மார்க்கெட்டில் கண்ணாடிப் பாட்டிலில் அடைச்ச மிளகை, ஒட்டியிருக்கிற விலைக்கு மறுபேச்சு பேசாம வாங்குவாங்க. நானும் பக்கத்தில் நின்னு பல்லைக் காட்டிட்டுத்தான் இருந்தேன், ஒண்ணும் யோக்கியன் இல்லை. சாயங்காலம் அந்தப் பெரியவர் கல்லை உருட்டிட்டு வந்தப்ப எனக்கு ஞாபகம் வந்தது அந்தப் பேரம்தான். எங்களுக்கு அண்டைக் கல் கொடுத்ததுக்கு அவர் விலை சொல்லவே இல்லையே.

பேச்சுவாக்கில் அவர் சொன்ன இன்னொண்ணு. ரோடு வராத காலத்தில் உடம்புக்கு முடியாதவங்களைக் கட்டிலில் படுக்க வச்சு, நாலு பேர் தூக்கிட்டு இதே சரிவில் இறங்குவாங்களாம். மழைக்காலம்னா வழுக்கும். "பாதி வழியில போயிட்டா, அப்படியே திருப்பித் தூக்கிட்டு மேல ஏறிடுவோம்"னார். எதுக்குத் திருப்பினாங்கன்னு புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆச்சு. இந்த மலைக்கு அரசு பஸ் வந்ததே 2022ல்தான். சுதந்திரம் வாங்கி 75 வருஷம் கழிச்சு. இதே மாவட்டத்தில் கோட்டூர்மலைக்குத் தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டு மிஷின் கழுதை மேல ஏறிப் போற போட்டோவைப் பேப்பரில் பார்த்திருப்பீங்க. நாம 'சோ கியூட்'னு பார்த்துட்டு அடுத்த பக்கம் புரட்டியிருப்போம்.

நமக்கு வளைவு வளைவா ஜாலியா இருக்கிற அந்த ரோடு, அவங்களுக்கு ஆஸ்பத்திரி. அவ்வளவுதான் நான் சொல்ல வர்றது. அதில் நடுரோட்டில் வண்டியை நிறுத்தி டிரோன் விடறதும், வளைவில் பாட்டுப் போட்டு ஆடறதும், ஓரத்தில் ராகி காய வச்சிருந்தா "யாரு ரோட்டுல காய போடச் சொன்னது"ன்னு சத்தம் போடறதும்... பார்க்குக்கு வந்த நினைப்பு. பார்க்கில் புல்லை மிதிக்காதேன்னு போர்டு இருக்கும், மிதிக்க மாட்டோம். இங்கே போர்டு இல்லை, அதனால எல்லாம் நம்ம சொத்து.

அதனால என் பட்டியலில் குல்லாவுக்கு இடமில்லை. சில்லறையும் பத்து, இருபது ரூபாய்த் தாளும் இருக்கு, சிக்னல் கிடைக்காத இடத்தில் போனை நீட்டிட்டு நிக்கக் கூடாது. ஒரு பெரிய சாக்குப் பை இருக்கு, கொண்டு போனதைத் திருப்பிக் கொண்டு வர. வீட்டிலிருந்து குடத்திலோ கேனிலோ தண்ணி. டார்ச். வயசானவங்க, சின்னப் புள்ளைங்களோட மாத்திரை, ஏன்னா பெரிய ஆஸ்பத்திரின்னா கீழே தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரிக்குத்தான் வரணும். மூணு குடும்பம்னா மூணு கார் வேண்டாம், ஒரு வேன் போதும், மலை இறக்கம் தெரிஞ்ச உள்ளூர் டிரைவரோட. பஸ்ஸில் போலாமேன்னு கேப்பீங்க. சாதா நாளில் போங்க, நல்லது. ஞாயித்துக்கிழமை வேண்டாம்னு தோணுது. சந்தைக்குப் போய்ட்டு மூட்டையோட வர்ற கெழவி நிக்க, நாம ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து வீடியோ எடுக்கிறது நல்லாவா இருக்கு? இதில் எனக்கே முழுசாத் தெளிவில்லை, யாராவது வேற மாதிரி நினைச்சா சொல்லுங்க.

இந்த வருஷம் மச்சான் திரும்ப வர்றார். டிசம்பர் கடைசி வாரம். "மாப்ள, பிரேக் ஆயில் மாத்திட்டேன், பேட் மாத்திட்டேன், 'எல்'லுல ஓட்டிப் பழகிட்டேன்"ன்னு போன்லயே ஒப்பிச்சார். அண்ணி மிளகுக்குத் தனியாக் காசு எடுத்து வச்சிருக்காங்களாம், அந்தம்மா சொல்ற விலைக்கு. சின்னவன் இப்ப வளர்ந்துட்டான், பார்க் இருக்கான்னு கேட்கலை. "அந்தத் தாத்தா இருப்பாரா மாமா?"ன்னு மட்டும் கேட்டான். தெரியலைடா, போய்ப் பார்க்கலாம்னேன்.

அன்னிக்கு வண்டி ஆறினதும், மச்சான் அவர் சொன்ன மாதிரியே கீழ் கியரில் போட்டு மெதுவா நகர்த்தினார். நாங்க எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டுட்டு ஏறப் போனோம். நான் சட்டைப் பையில் கையை விட்டேன். பெரியவர் அதைப் பார்த்துட்டு முகத்தைச் சுளிச்சார். "காசெல்லாம் வேணாம் சாமி. அந்தக் கல்லு ரெண்டையும் எடுத்து ஓரமாப் போட்டுட்டுப் போங்க. வர்றவங்க எல்லாம் அண்டை கொடுத்துட்டு அப்படியே நடுரோட்டுல விட்டுட்டுப் போயிடறாங்க. ராத்திரி எம்பட பேரன் வண்டியில வருவான்."

நானும் மச்சானும் இறங்கிப் போய்த் தூக்கினோம். கல்லு நல்ல கனம்.

டிஸ்கி: மொச்சைக் கொட்டைப் பொரியல் செய்முறை கேட்டு மடல் அனுப்ப வேண்டாம். அது தங்கமணி டிபார்ட்மெண்ட். எனக்குத் திங்க மட்டும்தான் தெரியும்.